ஐபோனுக்கு மாறுவதா, ஆண்ட்ராய்டிலேயே தொடர்வதா? மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்காங் வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஆண்ட்ராய்டு திறன்பேசிக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரமாட்டா. கருவியில் வேறு குறையேதும் இல்லை; திரையில் கீறல் இல்லை, படங்கள் தெளிவாக விழுகின்றன, காலையில் மின்னேற்றினால் இரவு வீடு திரும்பும்வரை தாங்குகிறது. ஆயினும் சிங்கப்பூர் அரசின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸும் வங்கிச் செயலிகளும் அந்த ஒரே கருவியில் இருக்கும்போது, பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத ஒன்றை நெடுநாள் வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மாற்றியே ஆகவேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எதற்கு மாறுவது என்பதில்தான் தயக்கம்.

மனைவியும் மகளும் ஐபோன் வைத்திருக்கிறார்கள். நானும் அதற்கே மாறிவிட்டால் படங்களைப் பகிர்வதும் ஒருவர் கருவியில் சிக்கல் வந்தால் மற்றவர் பார்த்துச் சரிசெய்வதும் எளிது என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்தான். கடைத்தொகுதிகளில் விசாரித்தால் கேமராவையும் நினைவகத்தையும் இரண்டாண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணையையும் விரிவாகச் சொல்கிறார்கள். என்னைத் தயங்கவைக்கும் மூன்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

முதலாவது, என் இந்திய எண். கும்பகோணத்தில் உள்ள வங்கிக் கணக்கு அந்த எண்ணோடு இணைந்திருக்கிறது. பணம் எடுக்க, வைப்புத்தொகையைப் புதுப்பிக்க, எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்கே வருகிறது. இப்போதைய கருவியில் சிங்கப்பூர் சிம், இந்திய சிம் இரண்டையும் அட்டைகளாகவே போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஈசூனில் இருக்கும் என் பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் அவருடைய தந்தை வேலை பார்த்த காலத்தையும், அங்கிருந்த குடியிருப்புகளையும், 1971இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது குடும்பங்கள் எங்கெங்கே பிரிந்து போயின என்பதையும் அவர் நினைவு வரும்போதெல்லாம் பேசி அனுப்புகிறார். எங்கள் குடும்பத்தின் வரலாறு இப்போதைக்கு அந்த உரையாடலில் மட்டுமே இருக்கிறது.

மூன்றாவது, தமிழில் எழுதுவது. தமிழ் 99 விசைப்பலகையில்தான் என் விரல்கள் ஓடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறை எனக்குப் பழக்கமில்லை.

இம்மூன்றும் உங்களில் மாறியவர்களுக்கு எப்படி அமைந்தன என்று சொன்னால், விளம்பரங்களைவிட அதுவே எனக்குப் பெரிதும் உதவும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை:

ஐயா, நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறியபோது உங்கள் இரண்டாவது, மூன்றாவது கவலைகள் எனக்கும் இருந்தன.

தமிழைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐபோனின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் அஞ்சல் என்னும் முறைகள் உள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. கூடுதல் வசதிகள் வேண்டுமானால் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் தமிழ் விசைப்பலகைச் செயலி ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கிறது. அது 2005இல் சிங்கப்பூரில்தான் அறிமுகமானது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதே அன்று பலருக்கு வியப்பாக இருந்தது. இன்று எந்தக் கருவியை வாங்கினாலும் தமிழ் இருக்கும் என்று நம்பிக் கடைக்குப் போகிறோம் என்றால், அதற்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது என்பதை என் மாணவர்களிடம் நான் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள்: பழைய விசைப்பலகை உங்களிடமிருந்து கற்றுவைத்திருந்த சொற்கள் புதியதற்குத் தெரியாது. ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் பரிந்துரையில் வருவதற்குக் கொஞ்ச காலம் ஆகும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஆண்ட்ராய்டில் கூகல் டிரைவுக்குப் போகும் காப்புப்படியை ஐபோனில் மீட்டெடுக்க இயலாது. 2022 முதல் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி வழியாக உரையாடல்களை நேரடியாகக் கடத்தும் வசதி வந்திருக்கிறது. ஆனால் ஐபோனை முதன்முதலாக அமைக்கும் கட்டத்தில்தான் அதைச் செய்ய முடியும். ஆர்வத்தில் கடையிலேயே ஐபோனை அமைத்து முடித்துவிட்டீர்கள் என்றால், பிறகு அதை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். இரண்டு கருவிகளும் மின்னேற்றத்தில் இருக்க, ஒரே வைஃபை இணைப்பில், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து செய்யுங்கள். எனக்குக் குரல் பதிவுகளும் படங்களும் வந்துசேர்ந்தன. அழைப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை.

அப்படியிருந்தும், உங்கள் பெரியப்பாவின் பதிவுகளை இந்தக் கடத்தலை மட்டும் நம்பி விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் குரல் பதிவுகளுக்கென்று தனிக் கோப்புறை இருக்கிறது. கம்பிவடத்தால் கணினியோடு இணைத்து அதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். கோப்புகளின் பெயரில் தேதி இருப்பதால், எது எப்போது சொன்னது என்று பின்னர் வரிசைப்படுத்தவும் முடியும். கடற்படைத் தள வாழ்க்கையைச் சொல்லும் குரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு கைப்பேசிக்குள் மட்டும் அவை இருக்கக் கூடாது.

பிடோக் வாசி:

அண்ணா, நான் மாறுவதற்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு ஆண்ட்ராய்டிலேயே தங்கியவன். எனக்காக வாங்கவில்லை, எழுபதைக் கடந்த என் அம்மாவுக்காக.

2023இல் வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை, டுரியான் சுற்றுலா என்றெல்லாம் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, அதன் மூலம் வங்கிக் கணக்கைச் சுரண்டிய மோசடிகள் இங்கே பரவியதை நினைவில் வைத்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் ஆண்ட்ராய்டில், அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவப்பட்ட செயலிகள். சிங்கப்பூரில் ஐபோனில் அவ்வாறு வெளியிலிருந்து நிறுவ வழியில்லை என்பதால், அம்மாவுக்கு ஐபோனே பாதுகாப்பு என்று நானும் தங்கையும் முடிவுசெய்தோம். தங்கை தன் ஐபோனைச் சிறிது காலம் அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தாள். திரையின் அடியில் எப்போதும் இருக்கும் ‘பின்செல்’ பொத்தானுக்கு அம்மா நெடுங்காலமாகப் பழகியவர். ஐபோனில் விரலை ஓரத்திலிருந்து இழுக்கவேண்டும். அவர் கைவிரல் நடுக்கத்தில் அது சரியாக விழவில்லை. ஒவ்வொரு முறையும் எங்களை அழைக்கவேண்டியிருந்தது. பாதுகாப்பான கருவி என்று கொடுத்துவிட்டு, அவர் தம் தோழிகளோடு பேசுவதையே குறைத்துக்கொள்ளும்படி செய்வதில் என்ன பயன்?

ஆகவே மூன்று பொத்தான்களையும் பெரிய எழுத்துகளையும் வைத்துக்கொள்ளக்கூடிய சாம்சங் ஒன்றை வாங்கி, வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதிகளை எல்லாம் அடைத்துக் கொடுத்தோம். 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் திரையைக் கட்டுப்படுத்தவும் அனுமதி கேட்கும் வெளிச்செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் ஏற்பாட்டை இங்கே தொடங்கியதும் எங்களுக்குத் தைரியம் தந்தது.

உங்கள் முதல் காரணம் புதுப்பிப்பு என்பதால் இதையும் சொல்கிறேன். கூகல் பிக்சல் 8இலிருந்தும் சாம்சங் எஸ்24 வரிசையிலிருந்தும் ஏழாண்டுப் புதுப்பிப்புக்கு அந்நிறுவனங்கள் உறுதியளித்திருக்கின்றன. அந்த ஏழாண்டு, கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பிக்சல் 8 வெளிவந்தது 2023 அக்டோபரில். அதன் புதுப்பிப்பு 2030 அக்டோபர் வரை. விலை குறைந்துவிட்டதே என்று இரண்டாண்டு கழித்து வாங்குபவருக்கு ஐந்தாண்டே மிஞ்சும். அதே நிறுவனங்களின் எல்லா மாடல்களுக்கும் இந்த உறுதி கிடையாது என்பதால், மாடலின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தேக்கா கடை ஊழியர்:

சிராங்கூன் சாலைப் பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம் வருவார்கள். சிம் விஷயத்தில் நான் அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இங்கே கடைகளில் விற்கும் வழக்கமான ஐபோன்களில் ஒரு சிம் அட்டைக்கு இடம் உண்டு. இன்னொன்றை இ-சிம்மாக, அதாவது அட்டையின்றிக் கருவிக்குள்ளேயே பதியப்படும் சிம்மாகச் சேர்க்கவேண்டும். உங்கள் இந்திய எண்ணை அட்டையாகவே விட்டுவிட்டு, சிங்கப்பூர் எண்ணை இ-சிம்மாக மாற்றுங்கள். இங்கே இருக்கும் நிறுவனத்திடம் ஏதாவது சிக்கல் வந்தால் நேரில் போய்ச் சரிசெய்துவிடலாம். இந்திய எண்ணில் சிக்கல் வந்தால் ஊருக்குத்தான் போகவேண்டியிருக்கும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கிவரும் ஐபோன் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. 14ஆம் வரிசை முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது. அன்பளிப்பாக வந்த விலையுயர்ந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் எண்ணைப் போட வழியின்றி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சீனாவிலும் ஹாங்காங்கிலும் விற்கும் பல ஐபோன்கள் இரண்டு அட்டைகளை ஏற்கும்.

இந்தியாவில் பணம் செலுத்தப் பயன்படும் யுபிஐ செயலி வைத்திருந்தால், கருவி மாறியதும் அது அந்த இந்திய சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் உங்களை உறுதிப்படுத்தும். ஆகவே அந்த சிம்மில் ரோமிங்கும் குறுஞ்செய்தி அனுப்பப் போதுமான இருப்பும் இருக்கின்றனவா என்று பழைய கருவியிலேயே சோதித்துவிட்டு மாறுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவரும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் 2017இல் 2ஜி நின்றது, 2024இல் 3ஜியும் நின்றது. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி, அதாவது வோல்ட்டி, இல்லாத கருவியில் இணையம் வரும், சாதாரண அழைப்பு போகாது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அவசரத்தில் 995ஐ அழைக்கும்போதுதான் தெரியவரும். அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் சிம்மைப் போட்டுச் சாதாரண அழைப்பு ஒன்று செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மின்கலம் பலவீனமானதையே கருவி பழுதானதாக நினைத்து வருபவர்களும் உண்டு. புதுப்பிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் மதியத்துக்குள் மின்னேற்றம் தீர்ந்துவிடுகிறது என்றால், மின்கலத்தை மாற்றினாலே போதும். ஐபோன் 14 வரையிலான கருவிகளில் 500 முழு மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பிறகும், 15ஆம் வரிசை முதல் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காட்டுத் திறன் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. வெயிலில் வேலை செய்பவர்களின் கைப்பேசி அதைவிட விரைவாகவே தளர்கிறது. ஐயா, உங்களுக்குப் புதுப்பிப்பே நின்றுவிட்டதால் இந்த வழி பொருந்தாது. மற்றவர்களுக்காக எழுதினேன்.

ஜூரோங் வாசி:

மாறும் நாளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள் என்று மட்டும் சொல்வேன். சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2022இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, புதிய கருவியில் வங்கியின் மின்னிலக்க டோக்கனை, அதாவது பணப் பரிவர்த்தனைகளுக்கு நம் ஒப்புதலை உறுதிப்படுத்தும் வசதியை அமைத்தால் அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். மோசடிக்காரர் நம் கணக்கைத் தம் கருவிக்கு மாற்றிக்கொண்டாலும் நமக்குத் தடுக்க அவகாசம் கிடைக்கவேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் வாடகை செலுத்தவேண்டிய நாளிலோ ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்பவேண்டிய நாளிலோ கருவியை மாற்றினால் தவித்துப்போவீர்கள்.

செங்காங் வாசி:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்ட மூன்றுக்கும் வழி இருக்கிறது என்று தெரிந்ததும் தயக்கம் நீங்கிவிட்டது. ஐபோனுக்கே மாறுகிறேன். வீட்டில் இருவர் அதையே பயன்படுத்துவது எனக்கு மிகப் பெரிய உதவியாக இருக்கும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. என் கைகள் நடுங்கும் வயதில் பிடோக் தம்பி சொன்ன சிக்கல் எனக்கும் வரலாம். அன்றைக்கு அதை அன்று பார்த்துக்கொள்கிறேன்.

ஆசிரியை சொன்னதை இன்றைக்கே செய்துவிட்டேன். பெரியப்பாவின் பதிவுகள் கணினிக்கும், அங்கிருந்து தனியாக ஒரு சேமிப்பு வட்டுக்கும் போய்விட்டன. அவரிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் பட்டறை வேலைநிறுத்தத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு தொடங்கிவிட்டார்.

கும்பகோண வங்கியில் ஒரு வைப்புத்தொகை முதிர்வடைய இருக்கிறது. அதைப் பழைய கருவியிலேயே புதுப்பித்து முடித்த பிறகு, சிங்கப்பூர் எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு, பணம் எதுவும் செலுத்தவேண்டியிராத ஒரு சனிக்கிழமை மாலையில் மாறுவதாக இருக்கிறேன். புதியதை வாங்கும்போதே பழையதைக் கொடுத்தால் கூடுதல் தள்ளுபடி என்று கடையில் சொன்னார்கள். அதை ஏற்பதாக இல்லை. அங்கேயே பழைய கருவியை அழித்துக் கொடுக்கவேண்டியிருக்கும். வாட்ஸ்அப் முழுமையாக வந்ததா, இந்திய வங்கியின் ஓடிபி வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அது என் கையை விட்டுப் போய்விடும். கடத்திய பிறகும் பழையதில் உரையாடல்கள் அப்படியேதான் இருக்கும் என்பதால், சிலகாலம் அதை வீட்டிலேயே வைத்திருந்து, எல்லாம் சரியாக இருப்பதை உறுதிசெய்த பின் அழித்து, கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடுவேன்.

தேக்கா நண்பருக்கு ஒரு கேள்வி: என் இந்திய சிம் பழைய, பெரிய அளவு அட்டையை வெட்டிச் சிறிதாக்கியது. அதை ஐபோனில் போடலாமா, அல்லது ஊருக்குப் போகும்போது புதிய அட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் மாறவேண்டுமா?

தேக்கா கடை ஊழியர்:

வெட்டிய அட்டை சற்றுத் தடிமனாக இருக்கும், ஐயா. தட்டில் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் என் யோசனை கேட்டால், ஊரில் புதிய நானோ அட்டை வாங்கிய பிறகே மாறுங்கள்.