நேட்டிவ் ரெசல்யூஷன்: "இயல்புப் பிரிதிறன்" பொருந்துமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் நேட்டிவ் ரெசல்யூஷனுக்கு (திரைப் பலகத்தில் உள்ளபடியே இருக்கும் படவணுக்களின், அதாவது பிக்சல்களின், எண்ணிக்கை) "இயல்புப் பிரிதிறன்" என்று இட்டிருக்கிறோம். மாற்றியே ஆக வேண்டும். டிஃபால்ட்டுக்கு (பயனர் மாற்றாதவரை தானாகவே இருக்கும் அமைப்பு) ஏற்கெனவே "இயல்புநிலை" புழங்குகிறது. கணினியைத் தொலைக்காட்சியில் செருகும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும்.

32 அங்குல 'எச்டி ரெடி' தொலைக்காட்சிகள் பலவற்றின் பலகத்தில் இருப்பவை 1366×768 படவணுக்கள். ஆனால் எச்டிஎம்ஐ வழியே அவை பெரும்பாலும் 1280×720, 1920×1080 ஆகியவற்றையே கணினிக்குத் தெரிவிக்கும். கணினி அதில் ஒன்றை இயல்புநிலையாக எடுத்துக்கொள்ளும். 1280×720 அனுப்பினால் ஒவ்வொரு 15 படவணுவும் 16 ஆக இழுபட்டு, எழுத்தின் ஓரம் மங்கும். "இயல்பு" என்று படிப்பவர், சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்.

என் முன்மொழிவு: பலகப் பிரிதிறன்.

*

> என் முன்மொழிவு: பலகப் பிரிதிறன்

ஏற்கிறேன். எதன் அளவு என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. விளக்கத்தில் 1360×768 பற்றியும் ஒரு வரி வேண்டும். 1366 எட்டால் வகுபடாது என்பதால் சில வரைகலை அட்டைகள் (கிராஃபிக்ஸ் கார்டு) 1360-ஐத்தான் பட்டியலில் காட்டும். பலகத்துக்கு மிக அருகில் இருப்பது அதுவே.

கூடவே ஓவர்ஸ்கேனையும் (படத்தின் ஓரம் திரையில் தெரியாமல் போவது) முடித்துவிடுவோம். "மிகைவருடல்" வேண்டாம். பழைய குழாய்த் திரையில் (சிஆர்டி) படத்தின் ஓரம் நிலையாக நிற்காது. அதை மறைக்கவே சட்டத்துக்கு வெளியேயும் மின்னணுக் கற்றை வருடியது. தட்டைத் திரையில் வருடும் கற்றையே கிடையாது. தொலைக்காட்சி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது, அவ்வளவுதான். "ஓரவெட்டு" என்போம்.

1080 வரியில் பக்கத்துக்கு 2.5 விழுக்காடு வெட்டினாலே கீழே 27 வரி போய்விடும். விண்டோஸ் 10-இன் பணிப்பட்டை உயரமே 40 வரிதான். பயனர் பதறிப்போய்ப் பிரிதிறனைக் குறைப்பார்; அது மருந்தல்ல. தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியலில் சாம்சங் என்றால் 'ஸ்கிரீன் ஃபிட்', எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்' தேர்ந்தால் ஓரவெட்டு நின்றுவிடும்.

*

ஓரவெட்டு நன்று. அப்படியானால் அண்டர்ஸ்கேன் "ஓரக்குறுக்கம்" ஆகட்டும். கணினியின் வரைகலை இயக்கி (கிராஃபிக்ஸ் டிரைவர்) படத்தைச் சுருக்கிச் சுற்றிலும் கறுப்பு விடுவது அது. ஓரவெட்டைச் சரிக்கட்ட இதைக் கூட்டுபவர்கள் உண்டு. படம் சட்டத்துக்குள் அடங்கும். ஆனால் கணினியில் ஒருமுறை சுருங்கி, தொலைக்காட்சியில் மறுபடி விரிவதால் எழுத்து குழம்பும். முதலில் ஓரவெட்டை நிறுத்தி, பிறகு ஓரக்குறுக்கத்தை 0 ஆக்க வேண்டும் என்று விளக்கத்தில் எழுதிவிடுகிறேன்.