பொய்கைச் சந்தையில் மாட்டைத் தேர்ந்தெடுத்தது நானா?

மேட்டுக்கொல்லை:
அப்பா இருந்தவரை மாடு பிடிப்பது அவர் பொறுப்பு. அவர் போனபின் முதல் தடவையாகப் போன செவ்வாய்க்கிழமை நான் தனியாக வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தைக்குப் போனேன். இரண்டு மாடுகள் மனதுக்குப் பிடித்தன. செவலை இரண்டாம் ஈத்து, நல்ல மடி, நாலு காம்பும் சமம். கறுப்பும் அதே ஈத்துதான், மூவாயிரம் குறைவு. மனது செவலையில்தான் இருந்தது.

தரகர் துண்டுக்குள் என் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கும்போது, செவலையின் முதுகில் ஒரு மயிர்ச்சுழி கண்ணில் பட்டது. அப்பா 'ஆகாத சுழி' என்று காட்டித் தந்தது. எனக்குச் சுழியில் துளிகூட நம்பிக்கை இல்லை. ஆனால் துண்டுக்குள்ளிருந்து கை தானாக வெளியே வந்துவிட்டது. கறுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"ஏன் இது?" என்று மனைவி கேட்டாள். "விலை குறைவு" என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, இந்தக் காரணம் அப்புறம் வந்தது என்று. அப்படியானால் அந்த முடிவை எடுத்தது யார்? நானா, அப்பாவா, தலையெழுத்தா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

விரிஞ்சிபுரத்தான்:
நீங்கள் நின்ற ஊருக்கே இந்தக் கேள்வியோடு பழைய உறவு உண்டு. பொய்கையின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஆசீவகர் மீதான வரி பற்றிய குறிப்பு வருகிறது. எல்லாம் நியதிப்படியே, மனித முயற்சியால் எதுவும் மாறாது என்றவர்கள் அவர்கள். நூலுருண்டையை உருட்டிவிட்டால் நூல் தீரும்வரை ஓடும், பிறவியும் அப்படித்தான் என்பது புத்தர் காலத்து ஆசீவக ஆசான் மக்கலி கோசாலர் சொன்னதாக வரும் உவமை. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலுருண்டைக்குத் தூக்கம் கெடாது.

நரம்பியல் மாணவி:
1983-இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனை உங்கள் துண்டுக் கதைதான். சோதனைக்கு வந்தவர்களை, விரலை எப்போது வேண்டுமானாலும் அசைக்கச் சொன்னார். அசைவதற்கு அரை நொடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியிருந்தது. 'அசைக்கப் போகிறேன்' என்று அவர்கள் உணர்ந்ததோ சுமார் 0.2 நொடி முன்புதான். உடனே விதி ஜெயித்தது என்று எழுதிவிடாதீர்கள். அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, மூளையில் இயல்பாக ஏறி இறங்கும் அலை ஓர் எல்லையைத் தொடுவதுதான் என்று 2012-இல் ஆரன் ஷுர்கரும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். எழும் செயலைக் கடைசி நொடியில் தடுக்க நமக்கு இடமிருக்கிறது என்றுதான் லிபெட்டே நம்பினார்.

கணியம்பாடி அக்கா:
தம்பி, அப்பா உள்ளே இருந்து சொன்னால் அதுவும் நீங்கள்தானே? அவர் பின்னாலேயே சந்தை சந்தையாக நடந்தது யார்? நான் கேட்பது ஒன்றுதான். கை வெளியே வந்ததும் ஒரு நிமிடம் நின்று, மறுபடி செவலையைப் பார்த்தீர்களா?

மேட்டுக்கொல்லை:
இல்லை அக்கா. நிற்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இன்று காலை கறக்கும்போது கறுப்பு எட்டி உதைத்தது. பால் முழுக்கக் கொட்டிப்போனது. கை ஓங்கிவிட்டேன், அப்பா ஓங்குகிற அதே மாதிரி. அடிக்கவில்லை. அப்படியே கையை இறக்கி அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். ஓங்கியதை யார் கணக்கில் வேண்டுமானாலும் எழுதுங்கள். இறக்கியது நான்.