டின்டாஜெல் பழைய தபால் நிலையம்: நெளிந்த கூரையை நிமிர்த்தலாமா?

காரைவீடு:
இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியின் டின்டாஜெல் கிராமத்துப் பழைய தபால் நிலையத்தைப் படத்தில் பார்த்தால், சிலேட்டுக் கூரை அலை அலையாகக் கிடக்கிறது. கட்டும்போதே அப்படியா? தபால் நிலையமாகவே கட்டினார்களா? இப்படியான கூரையைப் பழுதுபார்க்கும்போது நிமிர்த்திவிடலாமா?

மரத்தச்சு:
கட்டியது 14ஆம் நூற்றாண்டில், குடியிருக்கும் வீடாக. நடுவில் கூரை வரை திறந்த கூடம், முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நேராக ஒரு குறுக்கு நடை (நம் ரேழியை நினைத்துக்கொள்ளுங்கள்), இருபுறமும் அறைகள். விக்டோரியா காலத்தில் கொஞ்ச நாள் வட்டாரக் கடிதங்களை வாங்கும் உரிமம் இருந்தது, பெயர் நின்றுவிட்டது. 1903இல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் வசம் வந்தது.

நெளிவுக்குக் காரணம் பாரம். சிலேட்டு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 முதல் 2,800 கிலோ. 10 மி.மீ. கனக் கல்லை இரண்டு அடுக்காகப் படியவைத்தாலே சதுர மீட்டருக்கு 55 கிலோ வரும். அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே பூட்டினார்கள். பாரத்தைச் சுமந்தபடி காய்ந்த மரம் தொய்ந்த வடிவிலேயே இறுகிவிடும்.

கூரைக்கல்:
நிமிர்த்தவே கூடாது. வளைந்த கைமரத்தை (கூரையின் சாய்வு மரத்தை) ஜாக்கி வைத்துத் தூக்கினால் மர இணைப்புகள் பிளக்கும். தொய்வு பழையதா, இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. கைமரத்தின் அடி சுவர்மேல் விலகியிருக்கிறதா, சுவர் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். விரிசலில் அளவுக்குறி ஒட்டி, ஓராண்டாவது குறித்து வாருங்கள். மழையிலும் வெயிலிலும் மரம் அசைவது வேறு, கூரை இறங்குவது வேறு. நலிந்த கைமரத்தின் பக்கத்தில் புதுமரம் சேர்த்துப் பிணைத்து, ரீப்பரை (கல்லைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை) பழைய வளைவிலேயே அடியுங்கள்.

மழைக்காரை:
கல்லைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கார்ன்வால் கூரைகளில் பெரிய கல் தாவாரத்தில் (கூரையின் கீழ் விளிம்பில்), மேலே போகப் போகச் சிறியது. கீழேதான் தண்ணீர் அதிகம் சேரும், அங்கே இணைப்பு குறைவாக இருப்பது நல்லது; பாரமும் சுவரருகே நிற்கும். இறக்கிய கல்லை நீளவாரியாக அடுக்காவிட்டால் திரும்ப வேய்வது பெரும்பாடு.

சிமெண்ட் பக்கமே போகாதீர்கள். ஒழுகும் கூரைமேல் சிமெண்ட் பால் பூசும் பழக்கம் அங்கே உண்டு. சில காலம் ஒழுகாது. பிறகு பூச்சில் மயிரிழை விரிசல் விழும், உள்ளே போன ஈரம் வெளியேறாது, ரீப்பரும் கல்லைப் பிடித்திருக்கும் மர முளைகளும் உளுத்துப்போகும். பிரிக்கும்போது கற்கள் ஒட்டிக்கொண்டு உடைவதால் மறுபடி பயன்படாது. சுண்ணாம்பு 1, மணல் 3 கலந்த காரை போதும். கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடித்துக் கல் வழுக்கும். செப்பாணியோ ஓக் முளையோ வையுங்கள்.