நான்-ஸ்டிக் வாங்கறதுங்களா, ஸ்டீல்லயே ஓட்டறதுங்களா? தோசை ஒட்டிட்டே இருக்குது

கோபிக்காரன்:
வணக்கமுங்க. ஜெர்மனி வந்து ரெண்டு வாரம் ஆகுது. வாடகை வீட்டுல ஒரு ஸ்டீல் பேன் இருக்குது. தோசை ஊத்துனா பேத்துத்தான் எடுக்கணும். நேத்துப் பொழுதோட அடுப்ப முழுசா வெச்சு எண்ணெயக் காய வெச்சேன். புகை அலாரம் அடிச்சு மேல் வீட்டுக்காரரு இறங்கி வந்துட்டாரு. இன்னொருக்கா அடிக்கக் கூடாதுன்னு ஓனரு மெசேஜ் போட்டிருக்காரு. நாளைக்குக் கடைக்குப் போறேன். நான்-ஸ்டிக்கா, ஸ்டீலா? நெம்ப வெசனமா இருக்குதுங்க.

காங்கேயத்து அக்கா:
எதுக்குத் தம்பி காசு செலவு? ஊருல இருந்து ஒறம்பரைக யாராச்சும் வந்தா வீட்டு இரும்புக் கல்லக் குடுத்து உடச் சொல்லுங்க. பழகுன கல்லுக்கு ஈடே இல்ல. மொத ரெண்டு மாசம் கல்லு இல்லாம ரொட்டியும் வெண்ணெயுமா கெடக்கற கொடுமை ஆருக்கும் வேண்டாம்.

சென்னிமலையான்:
அக்கா, என்ன அடுப்புன்னே தம்பி சொல்லுலீங்களே. ஊர்க் கல்லோட அடி நடுவுல லேசாக் குழிஞ்சோ பொடைச்சோ இருக்கும். கேஸ்ல தெரியாது. கரண்டுல ஓடற கண்ணாடி அடுப்புல வெச்சா ஆடும், சூடு ஒரே பக்கமா ஏறும், இழுத்தா கீறல் உழும். வாடகை வீட்டுல அந்தக் கீறலுக்கும் நாமதான் பதில் சொல்லோணும்.

பெருந்துறைக்காரர்:
நான்-ஸ்டிக் பக்கமே போகாதீங்க தம்பி. பூச்சு உரிஞ்சு வயித்துக்குள்ள போனா கேன்சருங்க.

ஈரோட்டு ஏனக்கடை:
அண்ணா, பயம் நாயந்தானுங்க, ஆனா எடம் மாறிப் போச்சு. சந்தேகப்பட்டது பி.எஃப்.ஓ.ஏ.ங்கற ரசாயனம். முன்ன பூச்சு தயாரிக்கறப்ப சேத்திட்டு இருந்தாங்க. ஐரோப்பாவுல 2020ல அதுக்குத் தடை வந்துருச்சு. பூச்சு வேற, அது பி.டி.எஃப்.இ., டெஃப்லான்னு சொல்றமே அதுதான். அதுல ஒரு துண்டு உள்ள போனாலும் செரிக்காம வெளிய வந்துரும். கவனிக்க வேண்டியது சூட்டத்தான். 260 டிகிரி தாண்டுனா பூச்சு கெட ஆரம்பிக்கும், 350க்கு மேல போனா வர்ற புகை மனுசனுக்குக் குளிர்காய்ச்சல் மாதிரி கொண்டாரும். கூண்டுல கிளி வளக்கற வீடுன்னா கிளி செத்தே போகும். அதனால வெறும் பேனை முழுச் சூட்டுல வெக்கவே கூடாது. மல்லி, மொளகா வறுக்கறதெல்லாம் நான்-ஸ்டிக்ல வேண்டாமுங்க.

நாமக்கல் தங்கச்சி:
கடையில "கல்லுப் பூச்சு", "கிரானைட்"னு எழுதியிருக்கும், ஏமாறாதீங்க அண்ணா. பெரும்பாலும் அதே பி.டி.எஃப்.இ.தான், மேல புள்ளி போட்டிருப்பாங்க. செராமிக் பூச்சுன்னா நெசமாவே வேற சாமானம், சூடு தாங்கும். ஆனா வழுவழுப்பு சீக்கிரம் போயிரும். வேலை கூடுனாப்ல பேரு மாத்தி விலைய ஏத்தறதப் பாத்தா எரிச்சலா வருது.

தாராபுரத்தான்:
விலைய உடுங்க, இந்த அலாரத்தச் சொல்லுங்க. கடுகு வெடிச்சாக் கூட அடிக்குது. அடுப்புக்கு மேல இருக்கற விசிறி புகைய வெளிய தள்ளறதே இல்ல, கரி வடிகட்டியில சுத்தி மறுபடி வீட்டுக்குள்ளயே உடுது. சின்ன வெங்காயம் விக்கற விலைக்கு...

ஈரோட்டு ஏனக்கடை:
தம்பி, பேச்சு எங்கியோ போகுது. கையில இருக்கற அடுப்ப மொதல்ல பாருங்க. மேல ஏனம் எதும் வெக்காம போட்டு உடுங்க. வளையம் செவந்தா சாதா கண்ணாடி அடுப்பு. செவக்காம ஏதாச்சும் குறி மின்னுனா இண்டக்ஷன்.

கோபிக்காரன்:
பாத்தேனுங்க. செவக்கல, ஒரு குறிதான் மின்னுது. நேத்து சூட்டு நம்பர்ல 9க்கும் மேல பி-ன்னு இருந்துச்சு, அதுல வெச்சேன்.

ஈரோட்டு ஏனக்கடை:
புகைக்குக் காரணம் அதுதான். பி-ங்கறது தண்ணி கொதிக்க வெக்கறதுக்கு. வறுக்க, பொரிக்க 6, 7 தாண்ட வேண்டாம்.

தோசைக்கும் முட்டைக்கும் நான்-ஸ்டிக் ஒண்ணு வாங்கிருங்க. மத்ததுக்கெல்லாம் அந்த ஸ்டீலே போதும். ஒண்ண வெச்சு ரெண்டு வேலையும் பாக்கப் போனா ரெண்டுமே கெடும்.

நான்-ஸ்டிக் பேன் பெரும்பாலும் அலுமினியமுங்க, இண்டக்ஷன் அலுமினியத்தச் சூடாக்காது. அதனால அடியில காந்தம் புடிக்கற தகடு ஒட்டியிருப்பாங்க. காந்தம் ஒண்ணு கொண்டு போங்க, அளக்க ஒரு டேப்பும். 28 செ.மீ. பேனுக்கு அடித்தகடு 18 செ.மீ.தான் இருந்தா, நடுவுல முறுகும், ஓரத்துல மாவு வெள்ளையா நிக்கும். தகடு அடி முழுக்க இருக்கோணும், அடுப்பு வளையத்துக்கும் ஒத்து வரோணும். கையில தூக்கிப் பாத்தா கனமா இருக்கோணும், மெல்லிசுன்னா சூட்டுல வளைஞ்சு போகும்.

தோசை ஊத்தறப்ப எண்ணெய் தேய்க்காதீங்க. 4ல ரெண்டு நிமிசம் வெச்சு, ஈரத்துணியில ஒருக்கா தொடச்சு, மாவ ஊத்தி இழுங்க, அப்பறம் 6. சூடு கூடுனாலோ எண்ணெய் இருந்தாலோ மாவு கரண்டியோட சுருண்டு வரும், பரவாது. மரச் சட்டுவம்தான், இரும்பு வேண்டாம். சூட்டோட குழாய்த் தண்ணியில காட்டாதீங்க, அடி கோணிரும். பாத்திரம் கழுவற மிஷின்லயும் போடாதீங்க. தினமும் பொழங்குனா ரெண்டு மூணு வருசம் வரும், அதுக்காக நெம்ப விலை கூட வாங்க வேண்டியதில்ல.

காங்கேயத்து அக்கா:
ஸ்டீல்லயும் தோசை வருமுங்க. வெங்காயத்தப் பாதியா அறுத்து எண்ணெயில தொட்டுத் தேச்சுட்டு ஊத்தோணும்.

ஈரோட்டு ஏனக்கடை:
ஒண்ணு ரெண்டு வருமுங்கக்கா. அதுக்குள்ள மாவோட கஞ்சி மெல்லிசாப் படிஞ்சிரும், மூணாவது புடிச்சுக்கும். இரும்புல எண்ணெய் கருகிப் படலமா ஏறி நிக்கும், ஸ்டீல்ல அப்படி நிக்கறதில்ல. காலையில அவசரத்துக்கு ஆகாதுங்க.

ஆனா பொரியலுக்கு, பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஸ்டீல் மாதிரி வராது தம்பி. வெறும் பேனை 5ல வெச்சு ரெண்டு மூணு நிமிசம் உட்டு, ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. படர்ந்து சுர்ருன்னு வத்துனா இன்னும் ஏறல. முத்தாட்டம் உருண்டு ஓடுனா ஏறிருச்சு, 200 டிகிரிக்குப் பக்கம். அப்ப 4க்குக் கொறைச்சுட்டு கடலெண்ணெ ஊத்துங்க, எண்ணெய் மினுங்கறப்ப கறிய எறக்குங்க. பிரிட்ஜ்ல இருந்து எடுத்த கறிய இருவது நிமிசம் வெளிய வெச்சு, ஈரத்தத் தொடச்சிருக்கோணும். போட்ட ஒடனே பெரட்டாதீங்க. மூணு நாலு நிமிசத்துல அடி செவந்து தானா உட்டுரும். இழுத்தா வரலீன்னா இன்னும் நேரமிருக்குதுன்னு அர்த்தம். கடைசியா அரை டம்ளர் தண்ணி ஊத்திச் சொரண்டுனா அடியில புடிச்ச மசாலா பூராத்தையும் எடுத்துரலாம்.

பெருந்துறைக்காரர்:
வேலை நடக்கறப்ப ஜன்னலத் தொறந்து, சமையக்கட்டுக் கதவச் சாத்திக்குங்க தம்பி. அலாரத்த மூடி வெக்கறது, கழட்டறது வேண்டாம்.

கோபிக்காரன்:
நெம்ப சந்தோசமுங்க. இன்னொண்ணு. ஸ்டீல் பேன் ஓனரோடது, நேத்து எண்ணெய் கருகி அடி பூரா பிசினாட்டம் புடிச்சிருக்குது. கம்பி நார் போட்டுத் தேச்சரட்டுங்களா?

நாமக்கல் தங்கச்சி:
வேண்டாமுங்கண்ணா, கோடு உழும். அடி முங்கற அளவுக்குத் தண்ணி, ஒரு ஸ்பூன் சமையல் சோடா, பத்து நிமிசம் கொதிக்க உட்டு ஆற வெச்சு மரக்கரண்டியில சொரண்டுங்க. பாக்கி நிக்கறதுக்குச் சோடாவக் கெட்டியாக் குழைச்சுப் பூசி, அரை மணி கழிச்சு ஸ்பாஞ்சுல மெத்துன்னு இருக்கற பக்கத்துல தேயுங்க. கடைசியா வெள்ளையா படிஞ்சா உப்புத்தண்ணிக் கறை, கொஞ்சம் வினிகர்ல தொடச்சாப் போயிரும்.