பிஎச்பி க்ளோஷருக்குள்ள அரேல சேர்க்கறது வெளிய வரமாட்டேங்குது, ஏன்?

கேள்வி:
வணக்கம், பிஎச்பி 8ல சின்னதா ஒரு பில்லிங் ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன். வெளிய லிஸ்ட்னு ஒரு காலி அரே (பல மதிப்புகளை வச்சிக்கற பட்டியல்), அதை யூஸ்ங்கற சொல் போட்டு க்ளோஷருக்குள்ள (பேரில்லாத ஃபங்ஷன்) கொண்டுபோய் ஃபோர்ஈச்ல ஒவ்வொரு பில்லுக்கும் கால் பண்றேன், 500 ரூபாய்க்கு மேலன்னா லிஸ்ட்ல சேர்க்கணும். உள்ள வார் டம்ப் (மதிப்பைக் காட்டற ஃபங்ஷன்) போட்டு பாத்தா எப்பவும் ஒரே ஒரு பில்தான் இருக்கு, முடிஞ்சதும் வெளிய பாத்தா காலி. எரரும் இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல இதே மாதிரி எழுதினா ஓடுதே?

பதில் 1:
யூஸ்ல போடறது காப்பியாதான் உள்ள போகும், அதுவும் க்ளோஷர் உருவாகறப்ப என்ன மதிப்பு இருந்துச்சோ அது. பிஎச்பில அரேவுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு கால்லயும் அந்தக் காலி அரேலேர்ந்துதான் மறுபடி ஆரம்பிக்கும், அதான் உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியுது. யூஸ்ல லிஸ்டுக்கு முன்னாடி ஆம்பர்சண்ட் (&) போடுங்க, காப்பியா இல்லாம ரெஃபரன்ஸா, அதாவது அதே வேரியபிளாவே உள்ள போகும், சரியாயிடும். ஜாவாஸ்கிரிப்ட் க்ளோஷர் வெளிய இருக்கற அதே வேரியபிளைத்தான் பாக்குது, காப்பி எடுக்காது. ஆனா இந்த வேலைக்கு அரே ஃபில்டரே (நிபந்தனைக்கு ஒத்துவர்றதை மட்டும் எடுத்துத் தர்ற ஃபங்ஷன்) போதும்ங்க, ரெஃபரன்ஸ் தொல்லையே வேணாம்.

பதில் 2:
ஆம்பர்சண்ட் போடறவங்க லூப்ல கவனமா இருங்க. ஐங்கற வேரியபிள் 0லேர்ந்து 2 வரைக்கும் ஓடற ஃபார் லூப்ல மூணு க்ளோஷர் செஞ்சு, ஐயை ரெஃபரன்ஸா எடுத்து, லூப் முடிஞ்சப்புறம் கூப்பிட்டா மூணுமே 3னுதான் சொல்லும். ஆம்பர்சண்ட் இல்லாட்டி 0, 1, 2னு ஒழுங்கா வரும். அப்புறம் பிஎச்பி 7.4ல வந்த எஃப்என் (fn) ஆரோ ஃபங்ஷனுக்கு, அதாவது க்ளோஷரோட சுருக்க வடிவத்துக்கு, யூஸே எழுத வேணாம், தானா எடுத்துக்கும், ஆனா அதுவும் காப்பிதான், வெளி வேரியபிளை ரெஃபரன்ஸா எடுக்க அதுல வழி கிடையாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, ஃபில்டர் வச்சே முடிச்சிட்டேன். இன்னொண்ணு, ரேட், குவான்டிட்டினு கீ வச்ச அரேய மூணு புள்ளி (...) போட்டு பிரிச்சு ஏ, பினு ரெண்டு பாராமீட்டர் வாங்கற க்ளோஷருக்கு அனுப்பினா அன்நோன் நேம்டு பாராமீட்டர்னு நின்னுடுது, என்ன பண்ண?

பதில் 3:
8.0லேர்ந்து ஸ்ட்ரிங் கீ இருக்கற அரேய அப்படிப் பிரிச்சு அனுப்பினா அந்தக் கீயே பாராமீட்டர் பேரா போயிடும், உங்க க்ளோஷர்ல ரேட்னு ஒண்ணு இல்லல்ல. பாராமீட்டர் பேர மாத்துங்க, இல்லாட்டி அரே வேல்யூஸ் போட்டு கீய கழட்டிட்டு அனுப்புங்க, வரிசை மட்டும் சரியா இருக்கணும். க்ளோஷர் பக்கமும் மூணு புள்ளி ஆர்க்ஸ்னு வச்சிருந்தா எரரே வராது, ஆனா உள்ள ஆர்க்ஸ் 0னு தேடினா கிடைக்காது, ரேட்ங்கற கீலதான் இருக்கும்.