டைமிங் லாக்கிங் டூலுக்குத் தமிழ்ச்சொல்: நேரப்பூட்டு வேண்டாம், நிலையாணி எப்படி?

எல்லாருக்கும் வணக்கம்.

டைமிங் பெல்ட் மாத்தறப்ப என்ஜின் தண்டுகள் நகராம நிறுத்தி வைக்கற கருவிதான் டைமிங் லாக்கிங் டூல். அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசற இந்த இழை போற போக்கைப் பாத்தா "நேரப்பூட்டு"ன்னு முடிவாயிடும் போல இருக்கு, அதுக்குள்ள என் மறுப்பைச் சொல்லிடறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. சமீபத்துல இந்தக் கருவியைத் தேடி அலைஞ்சவன்ங்கறதால இதுக்கு என்ன பேர் வைக்கறோம்ங்கறது எனக்கு நெஜமாவே முக்கியமா படுது.

எங்க வீட்டு வண்டி ஃபோக்ஸ்வேகன் வென்டோ, 1.6 டிடிஐ டீசல். டைமிங் பெல்ட் மாத்தற நேரம் வந்தப்ப நம்ம மெக்கானிக் அண்ணன் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் வாங்கிட்டு வா, ஆனா லாக்கிங் டூல் இல்லாம கை வைக்க மாட்டேன்னு கறாரா சொல்லிட்டாரு. நல்ல மெக்கானிக்னா அப்படித்தான் சொல்லுவாரு. கம்பெனி சர்வீஸ்ல அந்த டூல் இருக்கும், ஆனா வெளிய தர மாட்டாங்க. சரின்னு சென்னை ஜி.பி. ரோடுல போய்க் கேட்டேன். "டைமிங் டூல்"னு கேட்டா டைமிங் லைட்டை எடுத்து வைக்கறாங்க, அது பழைய பெட்ரோல் என்ஜின்ல ஸ்பார்க் எந்த எடத்துல விழுதுன்னு பாக்கற விளக்கு, நமக்கு அதுக்கும் சம்பந்தமே இல்ல. "லாக்கிங் டூல்"னா ஸ்டியரிங் லாக். "பின் செட்டு"ன்னா ஆணி தட்டி எடுக்கற பஞ்ச் செட்டு. புதுப்பேட்டையில ஒருத்தர் டீசல் கிட்னு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாரு, உள்ள வரிசையா பத்துப் பதினஞ்சு பின்னு, எது எந்த என்ஜினுக்குன்னு அவருக்கும் தெரியல எனக்கும் தெரியல.

கடைசியில கைகொடுத்தது நம்பர்தான். ஃபோக்ஸ்வேகன் ரிப்பேர் மேனுவல்ல கிராங்க்குக்கு (பிஸ்டன் சுத்தற கீழ்த்தண்டு) டி10050, கேமுக்கு (வால்வைத் திறக்கற மேல்தண்டு) 3359ன்னு போட்டிருக்கும். வெளிக் கம்பெனிங்க செய்யற டூல்லயும் பெரும்பாலும் இதே நம்பரைத்தான் போடறாங்க. நம்பரைச் சொன்னதும் ஒரு கடைக்காரர் சட்டுனு உள்ள போயி எடுத்துட்டு வந்து, கிராங்க்கோட பல்சக்கரம் வட்டமா நீள்வட்டமான்னு கேட்டாரு. ஏன்னா வட்டமா இருந்தா டி10050, லேசா நீள்வட்டமா இருந்தா டி10100. பேரைச் சொல்லிக் கேட்டப்பல்லாம் ஆளுக்கு ஒண்ணைக் காட்டினாங்க, நம்பரைச் சொன்னதும் சரியான கேள்வி திரும்பி வருது. நாம வைக்கற தமிழ்ச்சொல்லும் இப்படி ஒரே பொருளைத்தான் காட்டணும், அதுதான் என் கோரிக்கை.

இப்ப அந்தக் கருவி என்ன செய்யுதுன்னு பாப்போம், அதுலேர்ந்துதான் சொல் வரணும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. இதைக் கட்டிக் காக்கறது பெல்ட்டு மட்டும்தான். பெல்ட்டைக் கழட்டிட்டா ரெண்டு தண்டும் தன் போக்குல நகரலாம், டீசல் என்ஜின்ல பிஸ்டன் மேல வர்ற நேரத்துல ஹெட்டுக்கும் (சிலிண்டரை மேல மூடற பகுதி) அதுக்கும் நடுவுல இடம் ரொம்ப ரொம்பக் குறைவு, தப்பா கோத்து ஸ்டார்ட் பண்ணினா வால்வு போய் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும். அதனால முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில வர்ற மாதிரி கிராங்க்கை வைக்கறாங்க. டி10050ங்கறது கையடக்கமான இரும்புத்துண்டு, ஒரு பக்கம் பல்லு வெட்டியிருக்கும், அந்தப் பல்லு கிராங்க்கோட பல்சக்கரத்துல போய் உக்காரும், ரெண்டுலயும் இருக்கற குறி நேருக்கு நேர் வரணும், அதுலேர்ந்து நீட்டிக்கிட்டிருக்கற பின்னு என்ஜின் முகப்புல இருக்கற ஓட்டையில நுழையணும். குறி சேர்ந்து பின்னும் நுழைஞ்சாத்தான் எடம் சரி. மேல கேம்ல 3359, அது ஒரு சாதாரண பின்னு, கேமோட ஹப்பு வழியா ஹெட்டுல இருக்கற ஓட்டைக்குள்ள போகும். 6 மி.மீ. டிரில் பிட்டோட தண்டைச் செருகி ஒப்பேத்தறவங்களும் உண்டு. மேல பின்னு நுழையலேன்னா கிராங்க்கை இன்னொரு சுத்து சுத்தணும், ஏன்னா கேம் அரைச் சுத்துல நிக்குது. கீழ மட்டும் பூட்டினா போதாது, ரெண்டும் வேணும்ங்கறதுக்குக் காரணம் இதுதான்.

இனி இந்த இழையில மத்தவங்க சொல்லியிருக்கற சொற்களைப் பத்தி.

> நேரப்பூட்டு எளிமையா இருக்கு, டைமிங்னா நேரம், லாக்னா பூட்டு

எளிமைதான், ஆனா இங்க டைமிங்ங்கறது கடிகார நேரம் இல்ல, ஒரு தண்டு எந்த எடத்துல நிக்கறப்ப இன்னொண்ணு எந்த எடத்துல நிக்கணும்ங்கற பொருத்தம். வண்டி ஓடாம நிக்கறப்ப செய்யற வேலை, இதுல நேரம் எங்க வருது? அதைவிடப் பெரிய சிக்கல், பேங்க் ஸ்ட்ராங் ரூம் கதவுல குறிச்ச நேரம் வந்தாத்தான் திறக்கற பூட்டு இருக்கே, நேரப்பூட்டுன்னா முதல்ல அதுதான் ஞாபகத்துக்கு வரும், அதுக்கு அந்தச் சொல் அச்சா பொருந்தவும் செய்யுது. அவங்களுக்கே விட்டுடுவோம்.

> கடையாணி என்று நம்மிடமே சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு

ஐயா, ஆணின்னு நீங்க எடுத்துக் கொடுத்ததுதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடிச்ச விஷயம். ஆனா மாட்டு வண்டியில கடையாணி சக்கரம் கழண்டு போகாம காக்கும், சக்கரம் சுத்தறதைத் தடுக்காது. நம்ம பின்னு சுத்தவே விடக்கூடாது. வேலை தலைகீழா இருக்கறதால அப்படியே எடுத்துக்க முடியல.

> தாழ், தாழ்க்கோல்

இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் ஊசலாடினேன், ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓட்டை வழியா போய் நிக்கறதுன்னா தாழ்ப்பாள்தான். ஆனா தாழ்ங்கறது தள்ளினாலும் திறக்காம பலத்தைத் தாங்கறதுக்காக இருக்கறது. இந்தப் பின்னுல அந்த மாதிரி பலம் கொடுக்கவே கூடாது. கேம் போல்ட்டைத் தளர்த்தறப்பவும் முறுக்கறப்பவும் பின்னை நம்பி ஸ்பேனரைப் போட்டா பின்னு முறியும், இல்ல ஓட்டை விரியும். பல்சக்கரத்தைப் பிடிச்சுக்கறதுக்குன்னு ரெண்டு கொம்பு வெச்ச தனி டூல் இருக்கு, மேனுவல்ல டி10172ன்னு வரும். அதுக்கு நம்ம பக்கம் தனிச்சொல் இல்லாததால பலபேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. பலத்தைத் தாங்கற மாதிரி தொனிக்கற எந்தச் சொல்லும், பூட்டுங்கறதும் சேர்த்துத்தான், இந்தக் குழப்பத்தை வளர்க்கும்.

"ஒத்தியக்க நேர நிலைநிறுத்துக் கருவி"ங்கற இன்னொரு யோசனையைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டுல கையெல்லாம் கிரீஸோட நிக்கறப்ப "அதை எடு தம்பி"ன்னுதான் சொல்லுவாங்க.

என் முன்மொழிவு நிலையாணி. தண்டை உரிய நிலையில நிறுத்தற ஆணி, அவ்வளவுதான். ஆணின்னா சுவத்துல அடிக்கறது மட்டும்தானேன்னு கேக்கலாம், அச்சாணி கடையாணி ரெண்டுமே செருகி எடுக்கறதுதான், அதனால பின்னுக்கு ஆணி பழைய பொருத்தம். மெக்கானிக்குங்க "டைமிங் பின்னு"ன்னு சொல்றதுக்கும் பக்கத்துல வருது. டி10050 பல்லு வெச்ச துண்டாச்சே, அது ஆணியான்னு ஒரு கேள்வி வரும். எடம் சரியா இருக்கான்னு சொல்றது அதுலயும் கடைசியில ஓட்டைக்குள்ள போற பின்னுதான், அதனால அந்தக் கேள்வியைத் தள்ளிவிடலாம்னு நினைக்கறேன். பிரிச்சுச் சொல்ல வேண்டிய எடத்துல கிராங்க்குக்கு வணரி நிலையாணி, கேமுக்கு நெம்புருள் நிலையாணி. கொம்பு வெச்ச டூலுக்கு எதிர்ப்பிடி. நிலையாணி, எதிர்ப்பிடி ரெண்டு சொல்லும் சேர்ந்தே பதிவாகணும், ஒண்ணை மட்டும் ஏத்தினா பாதி வேலைதான்.

நடுவுல ஒருத்தர் எஸ்.எஸ்.டி.க்கும் (ஸ்பெஷல் சர்வீஸ் டூல்) இதே சொல்லை வெச்சுக்கலாமான்னு கேட்டிருந்தாரு. வேண்டாம். டொயோட்டா, சுசுகி மேனுவல்ல அந்தப் பேர்ல 09ன்னு ஆரம்பிக்கற நம்பரோட புல்லர், பேரிங் அடிக்கற டூல், சீல் மாட்டற டூல்னு எல்லாமே வரும், அது ஒரு பெரிய வகை. அதுக்கு "தனிக்கருவி" போதும், நிலையாணி அதுக்குள்ள ஒண்ணு.

சொல் நிக்குமான்னு பாக்க ஒரு பத்தி எழுதிப் பாத்தேன், நீங்களும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க:

"கிராங்க்கை வலஞ்சுழியா மட்டும் சுத்தி குறிக்குக் கொண்டு வாங்க. வணரி நிலையாணியை மாட்டுங்க. நெம்புருள் நிலையாணி தடையில்லாம உள்ள போகணும், தட்டி ஏத்தாதீங்க. பல்சக்கரத்தை எதிர்ப்பிடியால பிடிச்சுக்கிட்டு போல்ட்டுகளைத் தளர்த்துங்க. புது பெல்ட்டை மாட்டி டென்ஷனரைச் சரி பண்ணி, எதிர்ப்பிடியால பிடிச்சு போல்ட்டுகளை முறுக்கின பிறகு நிலையாணிகளை எடுத்துட்டு, கையால ரெண்டு சுத்து சுத்தி, திரும்ப நிலையாணிகள் நுழையுதான்னு பாருங்க."

எனக்கு எங்கயும் தடுக்கல. இலங்கை நண்பர்கள் அங்க கராஜ்ல இந்தப் பின்னுக்கு வேற பேர் புழங்குதான்னு சொல்லுங்க, இருந்தா அதையும் பக்கத்துலயே வெச்சுப் பாக்கலாம். பெரிய மறுப்பு வரலேன்னா விக்சனரியில பக்கம் தொடங்கிட்டு, தமிழ்நாடு அரசோட சொல் தொகுப்பான சொற்குவைக்கும் அனுப்பிடலாம். பதிவுல டூல் நம்பரையும் தவறாம சேர்க்கணும், தேடறவங்களுக்கு அதுதான் முதல்ல வேணும்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இந்த என்ஜின்ல டீசல் ஹை பிரஷர் பம்ப்பும் அதே பெல்ட்டுலதான் ஓடுது, அதுக்கும் 3359 பின்னையேதான் போடறாங்க. அதனால நெம்புருள் நிலையாணின்னு சொன்னா பம்புக்குப் போடறப்ப இடிக்கும். பொதுவா தண்டு நிலையாணின்னு வெச்சுடலாமா, இல்ல பம்புக்குத் தனியா சொல்லணுமா? டீசல் பம்ப் வேலை தெரிஞ்சவங்க யாராவது பதில் எழுதுங்க.

அன்புடன்