வயித்து வலிக்கு மனசு மாத்திரையா? நம்ம பக்கத்து அனுபவங்கள்

தங்கச்சிமடத்தான்:
மூணு வருஷமா வயிறு படுத்துது. கடலுக்கு மீன்பிடிக்கப் போக டோக்கன் எடுக்குற அன்னிக்கு விடியக்காலைல மூணு தடவை ஓடணும். அடிவயிறு முறுக்கும், போயிட்டு வந்தா கொஞ்சம் விடும், மறுபடி முறுக்கும். படகுல கக்கூஸ் கிடையாது, கூட நாலஞ்சு பேரு. எல்லைப் பக்கம் ரோந்து லைட் தெரிஞ்சா கேக்கவே வேணாம். காரத்தை விட்டேன், நண்டை விட்டேன். ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பாத்தது எல்லாம் நார்மல். நார்மல்னு சொன்னா யாருக்காவது கோபம் வருமா? எனக்கு வந்துச்சு.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கையில காசில்ல, கடன்காரன் வாசல்ல. வயிறு மட்டும் கம்முனு கிடந்துச்சு! அதே சோறு, அதே குழம்பு. மதுரை டாக்டர்கிட்ட இதைச் சொன்னதும் எழுதுறதை நிறுத்திட்டாரு. "ஐபிஎஸ் (IBS), எரிச்சல் குடல் நோய்னு சொல்லுவாங்க. குடல்ல புண்ணு இல்ல. குடலும் மூளையும் நரம்பு வழியாப் பேசிக்கிறதுலதான் கோளாறு. பயந்தா முறுக்கும், முறுக்குனா பயம் கூடும்"னாரு. ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மருந்துக்கடைப் பையன் சத்தமா, "இது மனநோய் மாத்திரைண்ணே." அம்மா அன்னிக்குச் சாப்பிடல. மனநோயாளிகளைக் கூட்டிட்டுப் போற தர்கா இருக்குற ஊரு ஏர்வாடி; நம்ம ஊர்ல ஒருத்தனை 'ஏர்வாடி'ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுத்தான் போட்டேன்.

கீழக்கரைப் பொண்ணு:
அண்ணே, எனக்கும் அதே மாத்திரைதான். மனச்சோர்வுக்குன்னா இதைப் போல பல மடங்கு குடுப்பாங்களாம், வயித்துக்குக் கொஞ்சூண்டுதான். எனக்கு வாய் வறண்டு, காலைல எந்திரிக்க முடியாம, டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்தியாச்சு. உம்மா ஓதின தண்ணி வாங்கியாந்தாங்க, அவங்க மனசுக்காக அதையும் குடிச்சேன். ராமநாதபுரம் பஸ்ல பாதி வழில வந்துட்டா என்ன பண்றதுங்குற பயம்தான் என் நோவே. கவுன்சிலிங்ல, "முதல்ல திருப்புல்லாணி வரைக்கும் போய் இறங்கிடு, போதும்"னாங்க. நாலு வாரம் திருப்புல்லாணியே போனேன். கண்டக்டர் அங்க இருக்குற பெருமாள் கோயிலுக்கு நேர்த்திக்கடனான்னு கேட்டாரு. இப்ப ராமநாதபுரம் வரைக்கும் போறேன்.

மண்டபம் நர்ஸ்:
ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இந்தப் பக்கம் வந்தீங்க, சந்தோஷம். எல்லா வயித்து வலியையும் டென்ஷன்னு தள்ளிடாதீங்க. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, தூக்கத்துலேர்ந்து எழுப்புற பேதி, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கிறது, இதுல எது இருந்தாலும் உடனே காட்டணும். வாய்விட்டுப் பேச ஆள் இல்லன்னா 14416, டெலிமானஸ்ங்குற அரசாங்க மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம், காசில்ல.

தங்கச்சிமடத்தான்:
அரிசி அளக்கையில அம்மா பாத்துருச்சு. ஒண்ணும் கேக்கல. ராத்திரி வந்து, "எனக்கும் தூக்கம் வரலடா, அதுல ஒண்ணு குடு"ங்குது. குடுக்கல, டாக்டர்கிட்ட வான்னேன். முறைக்குது.